பக்ஷி தீர்த்தத்து விருந்தாளிகள்

செங்கற்பட்டு ரயில் நிலையத்தில் இறங்கி, கடற்கரையை நோக்கிச் செல்லும் சாலையில் சுமார் 14 கிலோமீட்டர் பஸ்ஸில் போனால் திருக்கழுக்குன்றம். ஊர் வருவதற்கு வெகு முன்பாகவே குன்று வந்துவிடுகிறது. வயல்களுக்கும் ஏரிக்கரைப் பனைகளுக்கும் மேலே, ஒரு திருப்பத்தில் இடப்புறமும் மறு திருப்பத்தில் வலப்புறமுமாகத் தோன்றி, பிரயாணியோடு கண்ணாமூச்சி ஆடிக்கொண்டே வருகிறது. வேதங்களே மலையாகி நிற்கின்றன என்பது ஐதிகம். ஆகவே மலைக்கு வேதகிரி என்றும், உச்சியில் எழுந்தருளியுள்ள பெருமானுக்கு வேதகிரீசுவரர் என்றும் பெயர் வழங்குகிறது. அடிவாரத்தில் பக்தவத்ஸலேசுவரர் கோயிலும், திரிபுரசுந்தரி அம்மன் சந்நிதியும், 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை சங்கு பிறக்கும் என்று புகழ்பெற்ற சங்கு தீர்த்தமும் இருக்கின்றன. அப்பர், சம்பந்தர், சுந்தரர், மாணிக்கவாசகர் ஆகிய நால்வரின் பாடலையும் பெற்ற ஸ்தலம். இத்தனை பெருமையிருந்தும், நெடுந்தூரத்து ஜனங்களிடையே இவ்வூரின் பெயரைப் பரப்பியவை இரண்டு பறவைகளே. வட தேசத்திலிருந்து வந்த யாத்ரீகர்களுக்கு இது 'பக்ஷி தீர்த்தம்'.

ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகளை ஏறினால் உச்சி. வழியில் இளைப்பாறக் கல் மண்டபங்கள் உண்டு; குரங்குகளின் உபத்திரவமும் உண்டு. தரிசனம் முடித்து வெளியே வருவோருக்கு, கழுகுகள் அமுதுண்ட பாறை இதுதான் என்று இன்றும் காட்டுகிறார்கள். வெறும் பாறை, வெயிலில் சுடுகிறது. கூட வந்த குழந்தை, "கழுகு எங்கே?" என்று கேட்கும். "முன்பெல்லாம் வரும்" என்று பெற்றோர் பதில் சொல்லுவார்கள்.

அந்த 'முன்பெல்லாம்' நெடுங்காலம் நீடித்தது. தினந்தோறும் உச்சிப் பொழுதுக்குச் சற்று முன்னால், சர்க்கரையும் நெய்யும் கலந்த அன்னத்தைப் பாத்திரத்தில் ஏந்திக்கொண்டு பண்டாரம் ஒருவர் பாறைக்கு வந்து அமருவார். ஜனங்கள் சற்றுத் தள்ளிக் காத்திருப்பார்கள். சிறிது நேரத்துக்கெல்லாம் வானத்தில் ஒரு புள்ளி, அதன் பின்னால் இன்னொரு புள்ளி. வட்டமிட்டு இறங்கி, பாறையின் மேல் தத்தித் தத்தி நடந்து வந்து, அவர் அளித்ததை உண்டு, அலகைத் துடைத்துக்கொண்டு பறந்து போய்விடும். மிச்சம் பிரசாதமாக வழங்கப்படும். நாமும் சிறு பிராயத்தில் ஒரு முறை இதைக் கண்டதுண்டு. அப்போது நம் மனத்தில் பதிந்தது பறவைகளின் தெய்விகத்தன்மை அன்று, பண்டாரத்தின் நிதானமே. அத்தனை பெரிய கூட்டம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, அவர் ஒருவர் மட்டும் மேலே பார்க்கவே இல்லை. வரவேண்டியவர்கள் வந்துவிடுவார்கள் என்னும் உறுதி அவருக்கு.

ஸ்தல புராணத்தின்படி இவை முனிவர்கள். சிவபெருமானின் சினத்துக்கு ஆளாகிக் கழுகுருவம் பெற்ற எண்மர், யுகத்துக்கு இருவராக நான்கு யுகங்களிலும் இங்கே பூசித்து விமோசனம் அடைகிறார்கள். கலியுகத்துக்கு உரியவர்கள் இந்த இருவர். காலையில் ஒரு தீர்த்தத்தில் நீராடி, நண்பகலில் இங்கே அமுதுண்டு, இரவில் வேறொரு க்ஷேத்திரத்தில் தங்குவார்கள் என்பார்கள். காசியா, ராமேசுவரமா, சிதம்பரமா என்பது சொல்லுகிறவருக்குத் தக்கபடி மாறும். எந்த ஊர் மாறினாலும் நண்பகலும் திருக்கழுக்குன்றமும் மட்டும் மாறமாட்டா. பறவைகள் வராத நாளும் உண்டு. அன்று, கூட்டத்தில் மகா பாவி எவனோ இருக்கிறான் என்று பேசிக்கொள்ளுவது வழக்கம். அவரவரும் அடுத்தவரைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டே படியிறங்குவார்களாம்!

இவ்வழக்கம் எத்தனை பழையது? மலையில் 'ஒருகல் மண்டபம்' என்று பல்லவர் காலத்துக் குடைவரை ஒன்று இருக்கிறது. அதன் சுவரில், சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையிலிருந்து வந்த டச்சு வர்த்தகர்கள் 17-ஆம் நூற்றாண்டில் தங்கள் பெயர்களைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். வியாபாரத்துக்கு வந்த இடத்தில் கோயிற் சுவரில் பெயர் வெட்டுவானேன் என்று கோபித்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை. நம்மவர் இன்று புராதனச் சின்னங்களில் செய்கிற காரியத்துக்கு அவர்கள் முன்னோடிகள், அவ்வளவே. தேவாரப் பதிகங்களை எடுத்துக்கொண்டாலோ, சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன்னரே ஊரின் பெயர் கழுக்குன்றம்தான். குன்றின் பெயரிலேயே கழுகு குடியேறிவிட்டது.

1998-ஆம் ஆண்டோடு வருகை நின்றுபோயிற்று. அதன்பின் பாறை காலி.

நாம் ஆராயப் புகுந்தது இதுதான்: பறவைகளுக்கு எப்படித் தெரிந்தது? இதற்கு இரண்டு விடைகள் சித்தமாக உள்ளன. ஒருவர், "எல்லாம் ஈசன் செயல்" என்பார். மற்றவர், "சோறு வைத்தால் காக்கையும்தான் வரும்" என்று சிரிப்பார். முதல் விடையோடு நமக்கு வழக்கில்லை. இரண்டாவதுதான் போதாது. காக்கை வீட்டு வேலிமேல் வாழ்வது. மனிதனின் மிச்சத்தில் வளர்வது. இதுவோ பிணம் தின்னும் பறவை. இதற்கு நெய்ப்பொங்கல் உணவென்று கற்பித்தவர் யார்? மைல் கணக்கில் திரியும் பறவையை ஒரு குறித்த பாறைக்கு, குறித்த பொழுதில், கூட்டத்தின் நடுவே, கையெட்டும் தூரத்துக்கு வரச் செய்தது எது? இதைச் செய்ய விரும்பும் எந்த மிருக வித்தைக்காரரும் பல மாதம் பாடுபடவேண்டியிருக்கும்.

பறவையைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ளுவோம். கழுகு என்று வாய்ப்பழக்கத்தில் சொன்னாலும் இது பாறு இனத்தைச் சேர்ந்தது. மஞ்சள்முகப் பாறு என்பர். உடல் அழுக்கு வெள்ளை. இறக்கையின் ஓரம் கறுப்பு. முகம் மயிரின்றி மஞ்சள் பூசியதுபோல் இருக்கும். விரித்த இறக்கை ஐந்தடிக்கு மேல். ஐரோப்பாவின் தென்பகுதி முதல் ஆப்பிரிக்கா, அரேபியா வழியாக நம் நாடு வரையில் பரவிய ஜாதி. நம் தேசத்துப் பாற்றுக்கு விஞ்ஞானிகள் இட்ட பெயரில் ஒரு தமிழ்நாட்டு ஊர் ஒட்டிக்கொண்டிருப்பது பலருக்குத் தெரியாது. சொன்னெரா என்னும் பிரெஞ்சுக்காரர் 1782-ல் வெளியிட்ட தம் பிரயாண நூலில் இதைச் 'செஞ்சிக் கழுகு' என்று வருணித்தார். அதைக் கொண்டு 1790-ல் லாதம் என்னும் ஆங்கிலேயர் 'கிஞ்சினியானஸ்' என்று பெயர் வைத்தார். தேசிங்குராஜன் கோட்டை கட்டி ஆண்ட செஞ்சி—இல்லை, அவன் பிறக்கு முன்னரே கட்டிய கோட்டையில் ஆண்ட செஞ்சி—இவ்வாறு உலகத்துப் பறவை நூல்களில் எல்லாம் ஏறிவிட்டது.

இதன் மஞ்சள் முகத்துக்குக் காரணம் சொன்னால் சில பக்தர்கள் முகம் சுளிக்கலாம். மாட்டுச் சாணத்தைத் தின்பதால், அதிலுள்ள மஞ்சள் சத்து முகத்தில் ஏறுகிறது என்று ஸ்பெயின் தேச ஆராய்ச்சியாளர்கள் 2002-ல் கண்டறிந்தார்கள். கோமயம் உண்ணும் பறவை என்று சொன்னால் சுளித்த முகம் மலர்ந்துவிடும் அல்லவா? ஆப்பிரிக்காவில் இதே பாறு, உடைக்க முடியாத தீக்கோழி முட்டையின்மீது கல்லைத் தூக்கி எறிந்து உடைக்கிறது. ஜேன் குடால் அம்மையாரும் அவர் கணவரும் இதை நேரில் கண்டு 1966-ல் எழுதினார்கள். மொத்தத்தில், மந்த புத்தியுள்ள பறவை அன்று.

இனி, குன்றின்மேல் நடந்ததைப் பறவையின் கண்ணால் பார்க்கலாம். நம் பக்கத்துப் பாறுகள் மோப்பத்தால் இரை தேடுபவை அல்ல. கண்தான் அவற்றுக்கு எல்லாம். நெய்யின் மணம் அவற்றை அழைத்திருக்க முடியாது. பரந்த இறக்கையை அடித்துப் பறப்பதும் அவற்றுக்குச் சிரமம். வெயில் ஏறிப் பூமி சுட்டு, சூடான காற்று மேலெழும்பத் தொடங்கிய பின்னரே அதன்மேல் ஏறிச் சுற்றிச் சுற்றி உயரும். எனவே காலை கழிந்து நண்பகல் நெருங்கும் வேளையில் பாறு வானத்தில் உயர்ந்து நின்று கீழே நாட்டைப் பார்வையிடுவது இயல்பு. நிவேதன காலமும் அதுவே. சூரியன் ஒருவனே இரு தரப்பாருக்கும் கடிகாரமாக இருந்திருக்கிறான். அத்தனை உயரத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கு, தனித்து நிற்கும் குன்று, அதன்மேல் வெட்டவெளியான பாறை, ஒரே இடத்தில் அசையாமல் அமரும் ஓர் உருவம், அவர் கையில் ஒரு பாத்திரம்—இவை அழைப்பு மணி அடித்ததற்குச் சமானம்.

இதைத்தான் தமிழில் குறிப்பு என்கிறோம். திருவள்ளுவர் 'குறிப்பறிதல்' என்று ஒரே பெயரில் இரண்டு அதிகாரம் வைத்தார். அரசன் முகம் பார்த்து அமைச்சன் அறிவது ஒன்று, காதலியின் கண் பார்த்துக் காதலன் அறிவது மற்றொன்று. மிருகங்களுக்கு என்று மூன்றாவது அதிகாரம் அவர் செய்யவில்லை. ஆயினும் மிருகங்களைக் குறிப்பால் பழக்கும் கலை நம்மவருக்குப் பழையது. சங்க நூலாகிய முல்லைப்பாட்டில், பாசறையில் யானையைப் பழக்கும் இளைஞர், கவைமுள் கொண்ட கோலோடு வடமொழிச் சொற்களைச் சொல்லிக் கவளம் ஊட்டுகிறார்கள். மலைபடுகடாமிலும் பாகர்கள் பலமொழி கலந்த பேச்சால் யானையைப் பழக்குகிற ஒலி கேட்கிறது. தமிழ்நாட்டு யானைக்குத் தமிழ் போதாதா என்று சிலர் வருந்தக்கூடும். வருந்துவதற்கு ஒன்றுமில்லை, அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தெருவில் எல்லாரும் பேசுகிற சொல்லைக் கட்டளையாக வைத்தால் யானை யார் பேச்சைக் கேட்பது? கட்டளைக்கென்று தனியாக ஒதுக்கிய சொல், வேறு எங்கும் காதில் விழாத சொல், அதுவே நல்ல குறிப்பு.

இன்னொரு விதியும் உண்டு. குறிப்புக்குப் பின் வரவேண்டியது தவறாமல் வரவேண்டும். மணி அடித்தும் சோறு வராவிட்டால் நாயின் வாயில் சில நாளிலேயே எச்சில் ஊறுவது நின்றுவிடும் என்பதை ருஷியாவில் பாவ்லாவ் பண்டிதர் அளந்தே காட்டினார். ஆசிரியத் தொழில் செய்யும் எங்களுக்கு இதற்கு ருஷியா வரையில் போகவேண்டியதில்லை. "சத்தம் போடாதே!" என்று ஒரு மணி நேரத்தில் இருபது தடவை சொல்லும் வாத்தியாரின் வகுப்பில் எவ்வளவு நிசப்தம் நிலவும் என்பது பள்ளிக்கூடத்துப் பியூனுக்கே தெரியும். பண்டாரங்கள் ஒருவருக்குப் பின் ஒருவராக, மழையிலும் வெயிலிலும், பஞ்சத்திலும் யுத்தத்திலும், ஒரு நாளும் பொய்க்காத அழைப்பை விடுத்து வந்தார்கள். இதைவிடப் பெரிய பயிற்சிச்சாலை எங்கே இருக்கிறது?

ஆனால் பழக்கியவர் பண்டாரந்தானா? பெர்லின் நகரத்தில் 1904-ஆம் ஆண்டு வாக்கில் ஹான்ஸ் என்ற குதிரை பெரும் பரபரப்பை உண்டாக்கிற்று. கூட்டல், பெருக்கல் கணக்குகளுக்கு விடையைக் குளம்பால் தட்டிச் சொல்லும். அதன் எஜமானர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். மோசடி செய்பவர் அல்லர். பண்டிதர் குழு ஒன்று சோதித்து, சூது எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டது. பின்னர் 1907-ல் பூங்ஸ்ட் என்பவர் உண்மையைக் கண்டுபிடித்தார். கேள்வி கேட்பவருக்கு விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரிவதில்லை! சரியான எண் வந்ததும் கேட்டவர் தம்மை அறியாமல் தலையை இம்மியளவு நிமிர்த்துகிறார். அதைக் கண்டு குதிரை தட்டுவதை நிறுத்துகிறது. நம் தெருக்களில் வரும் பூம்பூம் மாட்டுக்காரருக்கு இச்செய்தியில் அதிசயம் ஒன்றும் தோன்றாது. "நல்ல காலம் பிறக்குமா?" என்று அவர் கேட்க, மேள ஒலியின் மாறுதலையும் கயிற்றின் அசைவையும் கண்டு மாடு தலையாட்டுகிறது. வித்தியாசம் ஒன்றே: இவர் தெரிந்து குறிப்புக் கொடுக்கிறார், ஜெர்மன் வாத்தியார் தெரியாமல் கொடுத்தார்.

பண்டாரமும் பறவைகளும் இதுபோலவே ஒருவரையொருவர் பழக்கியிருக்க வேண்டும். 'நாம் வந்து அமர்ந்தால் கழுகு வருகிறது' என்று அவர் எண்ணுவார். 'நாம் குன்றைச் சுற்றி வட்டமிட்டால் இம்மனிதர் அன்னம் கொண்டு வருகிறார், நல்ல புத்திசாலி, சீக்கிரம் கற்றுக்கொண்டார்' என்று பறவை எண்ணியிருந்தாலும் அது பிழையென்று எப்படிச் சொல்லுவது? இந்தப் பாறு கூண்டில் முப்பது ஆண்டுகளுக்கு மேலும் உயிர் வாழ்ந்திருக்கிறது. காட்டில் ஆயுள் குறைவு. ஆக, நூற்றாண்டுக் கணக்கில் வந்தவை ஒரே ஜோடியாக இருந்திருக்க முடியாது. துணையை இழந்த பறவை புதுத் துணையோடு வந்திருக்கும். அது போனபின் அந்தப் புதுத் துணை இன்னொன்றை அழைத்து வந்திருக்கும். மனிதர் தரப்பிலும் அப்படியே. இரு பக்கமும் ஆள் மாறிக்கொண்டே வர, நடுவில் ஒப்பந்தம் மட்டும் அறுபடாமல் நின்றது. எண்ணிப் பார்த்தால், முனிவர்கள் கதையைவிட இது ஆச்சரியத்தில் ஓர் இம்மியும் குறைந்ததன்று.

பாவிகள் விஷயத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். அமெரிக்க அறிஞர் ஸ்கின்னர், பசித்த புறாக்களைப் பெட்டியில் வைத்து, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறித்த இடைவெளியில் தானியம் விழும்படி செய்தார். தானியம் விழுந்த சமயத்தில் தற்செயலாகச் சுற்றிக்கொண்டிருந்த புறா, சுற்றியதால்தான் தானியம் வந்தது என்று கொண்டு ஓயாமல் சுற்றத் தொடங்கிற்று. மற்றொன்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தது. 1948-ல் இதைப் 'புறாவின் மூடநம்பிக்கை' என்னும் தலைப்பில் வெளியிட்டார். பறவை வந்த நாளில் தம் புண்ணியத்தை மெச்சிக்கொண்டும், வராத நாளில் பிறர் பாவத்தைத் தேடிக்கொண்டும் படியிறங்கினோமே, நாம் எந்தப் பெட்டியிலிருந்தோம் என்பதை நேயர்களே தீர்மானிக்கட்டும்.

குன்றைவிட்டுக் கிழக்கே சென்றால் மாமல்லபுரம். கடற்கோயிலையும் ரதங்களையும் பற்றி எழுதாதவர்கள் இல்லை. நாம் கிருஷ்ண மண்டபத்துக்குள் நுழைவோம். கோவர்த்தன மலையைக் கண்ணன் தாங்கி நிற்க, அதன் கீழே ஆயர்பாடி முழுவதும் அமைதியாகத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒருவன் பால் கறக்கிறான். பசு தலையைத் திருப்பித் தன் கன்றை நக்கிக்கொடுக்கிறது. பல்லவச் சிற்பி அழகுக்காக மட்டும் அந்தக் கன்றை வைக்கவில்லை. நம் நாட்டு மாடு கன்றைக் கண்டால்தான் பால் சுரக்கும். கன்றே அதற்குக் குறிப்பு. கன்று இறந்துபோனால் அதன் தோலில் வைக்கோலை அடைத்துப் பசுவின் முன் நிறுத்திக் கறப்பது நாட்டுப்புறத்தில் வழங்கிய தந்திரம். சில மாடுகள் நாளடைவில் பாத்திரத்தின் ஓசைக்கே சுரக்கப் பழகிவிடும். ஆக்ஸிடோஸின் என்னும் ஒரு சுரப்பு இரத்தத்தில் கலந்து மடியை இளக்குகிறது என்று இன்றைய வைத்திய நூல் விளக்கும். சிற்பிக்கு அந்தப் பெயர் தெரியாது, காரியம் தெரிந்திருக்கிறது. சற்றுத் தூரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறையில் பூனையொன்று கைகளைத் தூக்கித் தவம் செய்ய, எலிகள் அதைச் சூழ்ந்து நிற்கின்றன. பொய்க் குறிப்புக்கு அதைவிட நல்ல சித்திரம் கிடையாது.

அந்தக் கல் பசுவைப் பார்த்து நிற்கையில் குன்றின் பறவைகள் மீண்டும் நினைவுக்கு வருகின்றன, காரணம் இருக்கிறது. மாட்டுக்கு வலி கண்டால் ஊசி போடுவது 1990-களில் நாடெங்கும் பரவிற்று. டைக்ளோபினாக் என்பது மருந்தின் பெயர், மலிவானது, உடனே குணம் தெரியும். மாட்டின்மேல் உள்ள பரிவால்தான் அதைப் போட்டார்கள். மருந்து உடலில் இருக்கும்போதே மாடு இறந்து, அதைப் பாறு தின்றால், சிறுநீரகம் கெட்டுச் சில நாளில் மாண்டுபோகும். இதற்குக் காரணம் அம்மருந்தே என்று 2004-ல்தான் நிரூபிக்கப்பட்டது. அதற்குள் வெண்முதுகுப் பாறு, 1992-ல் ஆயிரம் இருந்த இடத்தில் 2007-ல் ஒன்று என்னும் கணக்குக்கு வந்துவிட்டது. நம் மஞ்சள்முகப் பாறு, 1990-களின் தொடக்கத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நாட்டில் ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது. 2006-ல் இந்தியாவும் நேபாளமும் பாகிஸ்தானும் மாட்டுக்கு அம்மருந்தைத் தடை செய்தன. ஒன்றோடொன்று ஒத்துப்போகாத அரசாங்கங்கள் இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின. தமிழ்நாட்டில் இன்று பாறுகளைப் பார்க்க நீலகிரிக்குக் கீழே மோயாற்றுப் பள்ளத்தாக்குக்குப் போகவேண்டும்.

திருக்கழுக்குன்றத்து ஜோடி மறைந்ததும் அந்தப் பத்தாண்டுக்குள்ளேதான். தேசமெங்கும் பாறுகள் மரத்திலிருந்து உதிர்ந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில், தினமும் ஆஜராகும் இரண்டு பறவைகள் வராமற்போனதை நூற்றுக்கணக்கான ஜனங்கள் கண்ணால் கண்டார்கள். வருகையைக் கணக்கு வைக்க இதைவிட வசதியான ஓரிடம் பாரத தேசத்தில் இருந்திருக்க முடியாது. ஆயினும், கலி முற்றிவிட்டது என்றே ஊரில் பேசிக்கொண்டார்கள். ஆயிரம் ஆண்டாகப் பறவை நம் குறிப்பை அறிந்து வந்தது. பறவை கொடுத்த ஒரே ஒரு குறிப்பை நாம் அறியவில்லை. பாவி கூட்டத்தில் இல்லை. மருந்துப் புட்டியில் இருந்தான்.

மாமல்லபுரத்திலிருந்து வடக்கே சென்னைச் சாலையில் வடநெம்மேலி என்ற கிராமம். ராமுலஸ் விட்டேக்கர் என்பவர் 1976-ல் தொடங்கிய முதலைப் பண்ணை அங்கே இருக்கிறது. அருகிவந்த முதலை இனங்களைப் பெருக்குவதற்காக ஏற்பட்டது அது. குட்டைக் கரையில் மரக்கட்டைகளை அடுக்கியதுபோல் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. முதலைக்கு வாயும் வாலும் தவிர வேறொன்றும் கிடையாது என்பது நம் எண்ணம். கஜேந்திர மோக்ஷக் கதையும் அதற்குத் துணை. ஆனால் இங்கே முதலைகளுக்குப் பெயர் வைத்து, பெயர் சொன்னால் வரப் பழக்கியிருக்கிறார்கள்.

பழக்கும் முறையில் மந்திரம் ஒன்றுமில்லை. முதலில் பெயரைச் சொல்லி உடனே இறைச்சித் துண்டு கொடுக்கிறார்கள். பெயருக்கும் துண்டுக்கும் உள்ள சம்பந்தம் மனத்தில் ஏறியபின், கோலின் நுனியில் ஒரு குறியைக் கட்டி நீட்டுகிறார்கள். அதை மூக்கால் தொட்டால் இரை. கோலை நகர்த்தினால் முதலையும் நகர்கிறது. கயிறு வேண்டாம், பத்துப் பேர் மேலே விழுந்து அமுக்கவேண்டாம். வேறு தொட்டிக்கு மாற்றுவதற்கும், அருகில் வைத்து உடம்பைச் சோதிப்பதற்கும், பிராணியைக் கலவரப்படுத்தாமல் காரியம் முடிகிறது. பெயரை வீணுக்குக் கூப்பிடக் கூடாது, இரையைத் தாமதிக்கக் கூடாது, அடிக்கவே கூடாது. தன் பெயர் அல்லாத பெயரைக் கூப்பிட்டால் மற்ற முதலை அசையாமல் கிடக்கவும் கற்றுக்கொள்கிறது. இந்தக் கடைசிப் பாடத்தை நம் பள்ளிப் பிள்ளைகளில் பாதிப்பேர் இன்னும் படிக்கவில்லை.

கூப்பிட்டும் ஒரு முதலை வராத நாளும் இல்லாமற் போகாது. முதலை குளிர் இரத்தப் பிராணி. மார்கழி, தை மாதக் குளிரில் அதற்குப் பசி மந்திக்கும். முட்டையிடும் பருவத்தில் பெண் முதலையின் கவனம் வேறு பக்கம் இருக்கும். தாடையில் காயமிருந்தால் தின்ன மனம் வராது. ஆகையால் வராத முதலையைத் தொழில் தெரிந்தவர் திட்டுவதில்லை, உரக்கக் கூப்பிடுவதுமில்லை. தண்ணீரின் சூட்டைப் பார்ப்பார். கரையில் புண்ணோடு கிடக்கிறதா என்று பார்ப்பார். கடைசியாக என்று தின்றது, எவ்வளவு தின்றது என்று கேட்டறிவார். வேலியோரம் நிற்கும் ஜனங்களில் யார் பாவி என்று மட்டும் பார்ப்பதில்லை.